போட்டோக்காரியின் பேர்

பிப்ரவரி 2, வெள்ளி

மருந்துக் கடையில் கொடுத்த டைரி. ஒரு மாதமாகச் சும்மா கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். பாப்பா தூங்கும் நேரத்தில் யாரிடமாவது புலம்ப வேண்டும். அம்மாவிடம் புலம்பினால் போளூர் முழுக்க மைக் கட்டிவிடுவாள்.

மூன்று மாதப் பிள்ளையோடு அம்மா வீட்டிலிருந்து வந்தவாசிக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. வரும் இருபத்தைந்தாம் தேதி பேர் வைக்கும் விழா. அதுவரை அவள் வெறும் பாப்பாதான்.

வெள்ளிக்கிழமை ஆயிற்றே. கூடத்துப் போட்டோவை ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, பூ வைத்தேன். எங்கள் வீட்டுக்காரரின் மூத்த தாரம். ஐந்து வருடத்துக்கு முன் டெங்குக் காய்ச்சலில் போனவள். பிள்ளை இல்லை. பேர் சுகந்தி. எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன். எனக்கு அவள் போட்டோக்காரி.

அவள் பல்வரிசை எனக்குப் பிடிக்காது. ரொம்ப நேராக இருக்கிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

நாத்தனார் லோகநாயகி அண்ணி வந்திருந்தார். ஜோசியரிடம் போய்வந்த கையோடு வந்தார். பாப்பாவுக்குச் சதய நட்சத்திரம். கோ, ஸ, ஸீ, ஸு. இந்த நாலு எழுத்தில் ஒன்றில்தான் பேர் தொடங்க வேண்டுமாம்.

“ஸுன்னு வருது பாத்தியா தேனு?” என்றார் அண்ணி. கண்ணெல்லாம் பளபளப்பு. “நான் ஒண்ணும் சொல்லல. நட்சத்திரமே சொல்லுது. மூத்தவ பேரை எளையவ பெத்த பொண்ணுக்கு வைக்கறது நம்மள்ல வழக்கம். அவ மனசு குளுந்து நிப்பா. இந்த வூட்டுக்கு அவதான் காவல்.”

“பாக்கலாம் அண்ணி” என்றேன். பாக்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். அண்ணிக்கும் அது தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ரசத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. சொல்லவில்லையே! மௌனம் சம்மதம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நட்சத்திரம்கூட அவள் கட்சி. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இவள் செத்தும் என் உயிரை எடுக்கிறாள்.

பிப்ரவரி 5, திங்கள்

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. தெரியாமல் இல்லை.

பிப்ரவரி 7, புதன்

பாப்பாவுக்குச் சளி. ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து நெஞ்சில் ஒத்தி ஒத்தி எடுத்தேன். நடுநடுவே பேர் யோசித்தேன். எனக்குச் சம்யுக்தா என்ற பேர் ஆசை. ஸ-வில்தான் வருகிறது, ஜோசியரும் வாயைத் திறக்க முடியாது. எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இல்லாத பேர். யாருடைய மிச்சமும் இல்லாத பேர்.

காலையில் அவர் கிளம்பும்போது சொல்லிப் பார்த்தேன். அவருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. ஊரில் காது குத்தலா, கல்யாணமா, கண்ணீர் அஞ்சலியா, எல்லாப் பேரும் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்கு வரும்.

“சம்யுக்தா எப்படிங்க?”

“நல்லாத்தான் கீது” என்றார். செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர் என்னை ஒருமுறைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏம்மா. இந்தா. தோ பாரு. அவ்வளவுதான். என் பேர் தேன்மொழி. (பேர்தான் தேன், வாய் வேப்பங்காய் என்று அம்மாவே சொல்வாள், அது வேறு விஷயம்.) சில ஆண்களுக்குப் பேர் சொல்லும் பழக்கம் இல்லை போலும் என்று இருந்தேன். அண்ணிதான் ஒருநாள் வாய்விட்டார். முன்னெல்லாம் வண்டியை நிறுத்தும்போதே வாசலிலிருந்து “சுகந்தீ” என்று கூப்பிட்டுக்கொண்டே வருவாராம். தெருக்கோடி வரைக்கும் கேட்குமாம்.

ஐயோ, எழுதிவிட்டேன். அது அண்ணி சொன்னது. கணக்கில் சேராது.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. முன்னோருக்குப் படையல். காலையில் அவரே பையை எடுத்துக்கொண்டு போய்ப் பிஞ்சுக் கத்தரிக்காய் வாங்கிவந்தார்.

“எண்ணெ கொஞ்சம் கூட ஊத்தி, மொளகாத்தூள் போட்டு, முழுசாவே வதக்கிடும்மா.”

யாருக்குப் பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த கறி எது என்று கேட்டால் திருவிழாவில் தொலைந்தவன் மாதிரி முழிப்பார். எனக்குப் பிடித்தது வாழைக்காய்.

கத்தரிக்காய் நன்றாகத்தான் வந்தது. இலையில் மீந்ததை நானே சாப்பிட்டேன். ருசி தெரிந்தவள்தான். இருக்கட்டுமே.

பிப்ரவரி 13, செவ்வாய்

வயிறு எரிகிறது. எழுதினால் ஆறுமா பார்ப்போம்.

வீட்டில் ஒரு நல்லது நடக்கப்போகிறது என்றால் அதற்கு முன் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். சுமங்கலியாகப் போனவள்தான் பூவாடைக்காரி. எங்கள் வீட்டுக்கு வேறு யார்? அவளுக்குப் புதுப்புடவை, பூ, வளையல் எல்லாம் வைத்துக் கும்பிட்டு, அந்தப் புடவையை அப்புறம் இளையவள் உடுத்திக்கொள்ள வேண்டும். அதாவது நான்.

அதற்காக இன்று ஜவுளிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் பத்துப் புடவையை விரித்தார். எல்லாம் நல்ல புடவைதான். எங்கள் வீட்டுக்காரர் ஒன்றையும் தொடவில்லை. பின்னால் அலமாரியைக் காட்டி, “அந்த மயில்கழுத்து கலரை எடுங்க, அரக்கு பார்டர் போட்டது” என்றார். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தது போல இருந்தது.

என் கல்யாணப் புடவையை லோகநாயகி அண்ணி எடுத்தார். என்ன கலர் வேண்டும் என்று அவரைக் கேட்டதற்கு, “எதுனா எடுங்க, எல்லாம் ஒண்ணுதான்” என்றாராம். இதை அண்ணி என்னிடம் பெருமையாகச் சொன்னார், தம்பி எவ்வளவு எளிமை பார் என்று.

பாப்பா கடையிலேயே பால் கக்கினாள். நல்லவேளை, அந்தப் புடவை மேல் படவில்லை என்றார்கள். நல்லவேளையாம்.

பிப்ரவரி 15, வியாழன்

அண்ணி சமாதானக் கொடி பிடித்துக்கொண்டு வந்தார்.

“ரெண்டு பேரும் வெச்சிடலாம் தேனு. மொதல்ல அவ பேரு, அப்பால உன் பேரு. ‘சுகந்தி என்கிற சம்யுக்தா’. பேனர்ல ‘எ’ போட்டு அடிச்சிக்கலாம். ரேஷன் கார்டுல பாதிப் பேருக்கு அப்படித்தான கீது?”

“என்கிறவுக்கு முன்னாடி நிக்கிறவதானே அண்ணி பெரியவ?”

“அவ பெரியவதான? மூத்தவ இல்லையா?”

டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

எனக்கு எது கசக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. பேரைச் சர்டிபிகேட்டில் எழுதுவதோடு தீர்ந்துவிடுமா? நாளையிலிருந்து காலையில் எழுப்புவது முதல் சோறூட்டுவது வரை என் வாயாலேயே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான்கூடப் பல்லைக் கடித்துக்கொள்வேன். அவர் கூப்பிடுவாரே, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. அப்படிக் கூப்பிடும்போது யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

பெற்றது நான். நான் பெற்றதைத் தூக்கி அவள் மடியில் போட மாட்டேன்.

பிப்ரவரி 17, சனி

ஆரணி அம்மா வந்துபோனார். போட்டோக்காரியைப் பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து என்னையும் மகள் என்றுதான் சொல்வார். வழக்கம் அது. தீபாவளிக்கு எனக்கும் சீர் வருகிறது.

பாப்பாவுக்கு வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார். காலில் மாட்டி, திருகாணியைப் பல்லால் கடித்து இறுக்கினார். “காலு உன்ன மாதிரியே நீளம் மவளே” என்றார்.

பேர் விஷயமாகத்தான் வந்திருக்கிறார் என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கட்டும், பட்டென்று சொல்லிவிடலாம். காபி குடித்தார், என் தலைமுடி கொட்டுவதைப் பற்றிக் கவலைப்பட்டார், வெந்தயம் ஊறவைத்துத் தேய்க்கச் சொன்னார். பேர் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது கூடத்தில் ஒரு தரம் நின்று போட்டோவைப் பார்த்தார். அவ்வளவுதான், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காதவரிடம் எப்படி முடியாது என்று சொல்வது? மனுஷியை இப்படியா வதைப்பார்கள்!

பிப்ரவரி 18, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்!

அண்ணி மறுபடி ஆரம்பித்தார். வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். வாயைத் திறந்தார். எங்கள் வீட்டில் அது நடப்பதே அபூர்வம்.

“அந்தப் பேரு வேணாங்க்கா. சம்யுக்தாவே இருக்கட்டும்.”

“ஏண்டா பரந்தாமா, பொண்டாட்டி சொன்னாளா?”

“யாரும் சொல்லல. நான் சொல்றேன். வேணாம்.”

அண்ணி முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய் வழியனுப்பினேன், மரியாதையாக.

கேசரி கிளறினேன். முந்திரி தாராளமாகப் போட்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் போட்டோவுக்கு இரண்டு முழம் மல்லிகை வைத்தேன். “என்னமோ நெனச்ச, பாத்தியா?” என்று சொன்னேன். ஜெயித்தவள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். அவளுக்கும் ஒரு ஸ்பூன் கேசரி வைத்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

எதற்குக் கேட்டேன்? சும்மா இருந்திருக்கக் கூடாதா?

பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனேன். கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். விழாவுக்கு பேனர் செய்துகொண்டிருந்தார். பாப்பாவின் படத்தைச் சுற்றித் தாமரை, பட்டாம்பூச்சி, மேகம். கீழே ‘செல்வி ப. சம்யுக்தா’ என்று பெரிய எழுத்து. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. நிறைந்த மனசோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

“எனக்காகத்தானேங்க அந்தப் பேரு வேணாம்னீங்க?”

அவர் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தார். “உனக்காகவுந்தான்.”

“உந்தான்னா? வேற யாருக்காக?”

பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டால் இதுதான் வினை. பட்டாம்பூச்சியை இடமும் வலமும் இழுத்துவிட்டுச் சொன்னார்.

“அந்தப் பேரை வெச்சிட்டோம்னு வையி. நாளிக்கி இது மண்ணைத் துன்னும். ‘சுகந்தி, துப்புடி’ன்னுவோம். ஸ்கூலுக்குப் போவ அழுவும், அந்தப் பேரைச் சொல்லி அதட்டுவோம். ஒரு நாளிக்கி நூறு தடவ சொல்லிச் சொல்லி அந்தப் பேரு தேஞ்சி பூடும்மா. அவளுதுன்னு எங்கிட்ட அது ஒண்ணுதான் அப்படியே கீது. அது அவகிட்டயே இருக்கட்டும்.”

ஆரம்பித்ததை முடித்துவிடலாம் என்று இன்னொன்றையும் கேட்டேன்.

“என்னை ஏன் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கறீங்க?”

இதற்கு அவர் என்னைப் பார்த்தார். “பழக்க தோஷத்துல வாய் தவறி அது வந்துட்டா? உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது? அதான் ரெண்டு பேரையுமே சொல்றதில்ல.”

கேரியரைத் திறக்கவே இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் அவர் பட்டினி. இருக்கட்டும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இத்தனை நாள் அவர் அந்தப் பேரை என் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். கொடுக்க மனசில்லாமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறாராம். நான் பெற்ற பிள்ளைக்குக்கூடத் தர முடியாத அளவுக்கு உசத்திப் பேர்!

என் பேரும் அந்தப் பூட்டுக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 21, புதன்

தேய்ந்து போகுமாம்.

தேயட்டும்.

பிப்ரவரி 23, வெள்ளி

பூவாடைக்காரிக்குப் படைத்தாயிற்று. குடத்தில் மஞ்சள் தண்ணீர், மேலே மல்லிகைச் சரம், பக்கத்தில் புடவை, கண்ணாடி வளையல், வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல். இலையில் கத்தரிக்காயும் வைத்தேன். அவர் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். செய்கிறதை ஒழுங்காகச் செய்யலாமே என்றுதான்.

கற்பூரம் அணைந்ததும் ஆரணி அம்மா புடவையை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே போய் உடுத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கூடத்துக்கு வந்ததும் அவர் பார்த்த பார்வை எனக்கு வந்ததில்லை. புடவைக்கு வந்தது.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில் எடுத்ததில்லை. அதைத் தெளிவாக இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் என்னைத் தெய்வம் என்று சொல்லிவிடக் கூடாது. பீரோவில் மடித்து வைத்தவரைக்கும் அது பட்டுதான். எடுத்துத் தினமும் கட்டி, துவைத்து, கொடியில் காயப்போட்டால் ஒரே வருடத்தில் வீட்டுப் புடவை ஆகிவிடும். அவ்வளவுதான் என் திட்டம்.

போட்டோக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தானே சிரிக்கிறாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

வாசலில் பேனர். உள்ளே தொட்டில். ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் தகப்பன்தான் பேர் வைப்பார். தாம்பாளத்து அரிசியில் மோதிரத்தால் எழுதி, பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும்.

அவர் மோதிரத்தைக் கழற்றினார். பாப்பா என் மடியில் இருந்தாள். நான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

“மொதப் பேரு சுகந்தி. ரெண்டாவது பேரு சம்யுக்தா. ரெண்டையும் எழுதுங்க.”

லோகநாயகி அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, “தேனு, நீ தெய்வம்டி!” என்று அழ ஆரம்பித்தார். எழுதிவைத்தும் பலனில்லை.

அவர் என்னைப் பார்த்தார். அத்தனை பேரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், இது பெருந்தன்மை இல்லை என்று. வேண்டாம் என்று கண்ணால் கேட்டார். நான் பாப்பாவின் தலையைச் சரிசெய்தேன். சபையில் மறுக்க முடியாது. அரிசியில் எழுதினார். அப்புறம் குனிந்து, பிள்ளையின் காதருகே வாயைக் கொண்டுபோனார். முதல் முறை காற்றுதான் வந்தது. இரண்டாம் முறை எனக்கு மட்டும் கேட்டது. மூன்றாம் முறை எல்லோருக்கும் கேட்டது.

அந்தக் குரலைக் கேட்டதும் நான் செத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு ஆசையான குரல். என்ன காரியம் செய்துவிட்டேன்!

அப்போது பாப்பா கையை நீட்டி அவர் மீசையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். விடவே இல்லை. அவர் கண்ணில் தண்ணீர்.

“ஏய், ஏய், சுகந்தி! விடுடி, வலிக்குது!”

கூடமே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். பேர் வைத்த அடுத்த நிமிஷமே திட்டு வாங்கிவிட்டாள் என் பெண்.

ஆரணி அம்மா கடைசியாக வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். “சுகந்தி” என்றார். கொஞ்சம் விட்டு மறுபடி, “ஏ சுகந்தி” என்றார். பாப்பா அவர் மூக்குத்தியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அஞ்சி வருசமா இந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட எனக்கு ஆளே இல்ல மவளே” என்று என்னிடம் சொன்னார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு என் எரிச்சலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வெந்தயம் தேய்க்கிறேன், முடி கொட்டுவது நின்றிருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 26, திங்கள்

அவர் கடைக்குப் போகவில்லை. தட்டுமுட்டு எல்லாம் கழுவி வைத்தோம். பேனரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக்கிவிட்டார். மேலே சம்யுக்தா மட்டும் இருக்கிறாள். பேர் மாறியதால் புதிது அடிக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பிறப்புச் சான்றிதழில் என் இனிஷியலும் வர வேண்டும், அதுவும் முன்னால், என்று சொன்னேன். தே. ப. சுகந்தி சம்யுக்தா. எந்தப் பேர் வந்தாலும் அதற்கு முன்னால் நான் நிற்பேன். அவர் சரி என்றார்.

காலையிலிருந்து பிள்ளையோடு ஒரே பேச்சு. சுகந்தி, கொட்டாவி வுடறியா. சுகந்தி, காலை ஆட்டாத. சுகந்தி, சட்டையை நனச்சிட்டியாடி. கேட்கக் கேட்கக் கொஞ்சம் எரியத்தான் செய்தது. பொறாமைக்குப் புது ஆள் கிடைத்துவிட்டாள், தொட்டிலுக்குள்.

மத்தியானம் பின்பக்கம் கொடியில் பாப்பாவின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

“தேன்மொழி! சுகந்தி அழுவுது, வா!”

பேர் இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்று தவறி ஒன்று வரவில்லை.

பாப்பா அழுவது எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்காதவள் மாதிரி, உதறிய துணியையே எடுத்து மறுபடி உதறினேன்.

மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.